பயிற்சித் தீக்குச் செலவான நுரை

தீயணைப்பு நுரையால் நிலத்தடி நீர் கெட்டுப்போன ஊர்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் நெஞ்சில் தைக்கிறது. பெரும் தீ விபத்து நடந்த இடங்கள் அந்தக் கணக்கில் குறைவு. பயிற்சி மைதானங்கள்தான் அதிகம். ஆஸ்திரேலியாவில் வில்லியம்டவுன், ஓக்கி, காத்தரின் ஆகிய மூன்று ஊர்களும் விமானப்படை அல்லது ராணுவ விமான தளங்களை ஒட்டியவை. ஸ்வீடனில் ரோன்னபி நகராட்சியின் கல்லிங்கேயும் அப்படித்தான். இங்கெல்லாம் வீரர்கள் ஒரு குழியில் எரிபொருளை ஊற்றி, தாங்களே தீ வைத்து, தாங்களே அணைத்தார்கள். பல பத்தாண்டுகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். நுரையிலிருந்த, எளிதில் அழியாத ஃபுளூரின் சேர்மங்கள் மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து நீருக்குப் போய், நீரிலிருந்து மனிதர்களின் ரத்தத்துக்குப் போயின.

யாருடைய உயிரையும் காப்பாற்றாத தீக்காக இவ்வளவும் நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மெல்பர்னின் மேற்குப் பகுதியில் வசிக்கிறேன். எரிபொருள் சேமிப்புத் தொட்டிகளுக்கான தீயணைப்பு அமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில். கடந்த சில ஆண்டுகளாக என் நேரத்தில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போகிறது. பழைய நுரைக் கரைசலை வெளியே எடுக்க வேண்டும், தொட்டியையும் குழாய்களையும் கழுவ வேண்டும், ஃபுளூரின் இல்லாத புதிய நுரையைக் கொண்டுவர வேண்டும். வெளியாட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. “புதியது பழையதைப் போல வேலை செய்யுமா?” நியாயமான கேள்விதான், பதிலும் சொல்கிறேன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரு கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததால்தான் இவ்வளவு தாமதம் ஏற்பட்டது என்பது என் திடமான எண்ணம். அடுத்த வாரப் பயிற்சியில் எதைப் பீய்ச்சப் போகிறோம், அது எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளும் கேட்கப்படவே இல்லை.

முதலில் பழைய நுரைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பெட்ரோல் தீயில் வெறும் தண்ணீரை அடித்தால் தண்ணீர் அடியில் போய்விடும், பெட்ரோல் மேலே மிதந்தபடி எரியும். அதனால்தான் நுரை தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருந்தது புரத நுரை. கால்நடைகளின் குளம்பு, கொம்பு, ரத்தம் போன்ற கழிவுகளிலிருந்து காய்ச்சி எடுத்தது. அது தடித்த போர்வையாகப் படியும், ஆனால் மெதுவாகத்தான் பரவும். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து வேறொன்றைக் கண்டுபிடித்தன. அதில் சேர்க்கப்பட்ட ஃபுளூரின் சேர்மத்தின் ஒரு முனை தண்ணீரைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு முனை தண்ணீரோடும் சேராது, எண்ணெயோடும் சேராது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். இந்தச் சேர்மம் சிறிதளவு கலந்தாலே அது 17 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது பெட்ரோலின் இழுவிசையைவிடக் கீழே. அப்போது நுரையிலிருந்து வடியும் நீர் அடியில் மூழ்காமல் பெட்ரோலின் மேல் மெல்லிய படலமாக ஓடிப் பரவுகிறது. ஆவி அடைபடுகிறது, தீ சட்டென்று படுத்துவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் தரக் குறிப்பு 28 சதுர அடி பெட்ரோல் தீயை 30 வினாடிக்குள் அணைக்கச் சொன்னது. இந்த நுரை அதைச் செய்து காட்டியது.

1967 ஜூலை 29 அன்று டோங்கின் வளைகுடாவில் ஃபாரஸ்டல் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் ஒரு ராக்கெட் தவறுதலாகப் பாய்ந்தது. எரிபொருள் தளமெங்கும் ஓடித் தீப்பிடித்தது. இரண்டு நிமிடம்கூட ஆகாத நிலையில் குண்டு வெடித்து, முன்னே ஓடிய பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவினரில் பெரும்பாலோர் இறந்தார்கள். அதன் பிறகு குழாயைப் பிடித்தவர்களில் பலருக்குப் போதிய பயிற்சி இல்லை. ஒரு குழு நுரை போட, இன்னொரு குழு தண்ணீர் அடித்து அந்த நுரையைக் கழுவிவிட்டது. மொத்தம் 134 பேர் இறந்தார்கள். இதிலிருந்து கடற்படை இரண்டு பாடங்களைக் கற்றது. புதிய நுரை எல்லாக் கப்பலிலும் வேண்டும், கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தீயணைக்கத் தெரிய வேண்டும். இரண்டுமே சரியான பாடங்கள். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்து உலகம் பின்பற்றியபோது, எல்லோருக்கும் பயிற்சி என்பதும் எல்லாப் பயிற்சியிலும் அந்த நுரை என்பதும் ஒன்றாகிவிட்டன. கேடு அங்கே தொடங்கியது என்றே நினைக்கிறேன்.

நுரையில் சேர்த்த அந்த ஃபுளூரின் சேர்மங்களின் குடும்பப் பெயர்தான் பீஃபாஸ் (PFAS). கார்பனும் ஃபுளூரினும் சேர்ந்த பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலுவானவற்றுள் ஒன்று. வெயில், மழை, நுண்ணுயிர் எதுவும் அதை எளிதில் உடைப்பதில்லை. நுரையில் இருந்த முக்கியமான சேர்மம் பி.எஃப்.ஓ.எஸ். அது மனித உடலில் பாதியாகக் குறையவே மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள்வரை ஆகும். அதன் நெருங்கிய உறவான பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். இன்னும் நீண்ட காலம் தங்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் வைத்தது. அதில் புகைக்கும் பங்குண்டு, கல்நாருக்கும் பங்குண்டு, நுரையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு அதே முகமை, பீஃபாஸ் குடும்பத்தின் இன்னொரு சேர்மமான பி.எஃப்.ஓ.ஏ.வையும் முதல் பிரிவில் சேர்த்தது. பி.எஃப்.ஓ.எஸ்., புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சேர்ந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் இந்த இரண்டில் ஒவ்வொன்றுக்கும் குடிநீரில் வகுத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நுரைக் கரைசல் 200 லிட்டர் டிரம்மில் வரும். அந்த டிரம்களை உருட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது சோப்பு நீர் மாதிரிதான் என்று சொல்லியிருந்தார்கள்.

மெல்பர்னுக்கு மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில், பாலன் என்ற சிற்றூருக்கு அருகில் ஃபிஸ்க்வில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் 1970களின் தொடக்கத்திலிருந்து அங்கே பயிற்சிக் கல்லூரி நடத்தியது. நாட்டுப்புறத் தீயணைப்பு என்றால் இங்கே பெரும்பாலும் தன்னார்வலர்கள். விவசாயி, பள்ளி ஆசிரியர், மெக்கானிக் என்று வார இறுதியில் வந்து குழாய் பிடித்தவர்கள். பயிற்சித் தீக்காகத் தொழிற்சாலைகள் இனாமாகக் கொடுத்த கழிவுக் கரைப்பான்களை எரித்தார்கள். டிரம்களைப் புதைத்தார்கள். அணைக்க அடித்த தண்ணீர் குட்டைகளில் சேரும். அதே தண்ணீரை மறுபடி உறிஞ்சி அடுத்த பயிற்சிக்கு அடிப்பார்கள். முந்தைய நாள் நுரை அடுத்த நாள் முகத்தில் தெறிக்கும்.

2011 இறுதியில் செய்தித்தாள் ஒன்று இதை வெளியே கொண்டுவந்தது. 2012இல் தனி விசாரணை அறிக்கை வந்தது. 2015 மார்ச்சில் கல்லூரி நிரந்தரமாக மூடப்பட்டது. 2016இல் மாநில நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வெளியானது. அந்த அறிக்கையை நான் முழுதும் படித்திருக்கிறேன். அதிலுள்ள சாட்சியங்களில் என்னை உலுக்கியது நோயைப் பற்றிய பகுதி மட்டுமல்ல. அங்கே பயிற்சி கொடுத்தவர்களும் பெற்றவர்களும் அந்த இடத்தை எவ்வளவு நேசித்தார்கள் என்பதும்தான். குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தவர்கள் உண்டு. பக்கத்தில் ஆடு மேய்த்த விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தையும் மந்தையையும் பற்றிச் சொன்னவற்றைப் படித்துவிட்டு, அடுத்த பக்கம் திருப்ப எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

இப்படி நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 3எம் நிறுவனம் 2000 மே மாதத்திலேயே பி.எஃப்.ஓ.எஸ். உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. சந்தையின் பெரும்பகுதி அதற்கு என்ன செய்தது? எட்டுக் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலியுள்ள சேர்மத்துக்குப் பதில் ஆறு கார்பன் சங்கிலிக்கு மாறியது. அதுவும் ஃபுளூரின்தான், அதுவும் அழியாததுதான். அந்த இடைக்கால மாற்றத்தில் எத்தனையோ நிறுவனங்கள் பணத்தைக் கொட்டிவிட்டு, இப்போது இரண்டாம் முறை மாறிக்கொண்டிருக்கின்றன. அதே காலத்தில் சிட்னியில் டெட் ஷேஃபர் என்ற வேதியியலாளர் வேறு வழியில் போனார். 3எம்மின் ஆஸ்திரேலியக் கிளையில் பணியாற்றிய அவர், ஃபுளூரினே இல்லாமல் விமான நிலையத் தரத்தை எட்டும் நுரையை 2000களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பின்னர் அந்தத் தொழில்நுட்பம் சோல்பர்க் நிறுவனத்திடம் போனது. அந்த நிறுவனத்தின் ஃபுளூரின் இல்லாத நுரைக்கு 2014இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பொது விமான நிலையங்களில் தீயணைப்பை நடத்தும் ஏர்சர்வீசஸ் 2010இலேயே ஃபுளூரின் இல்லாத நுரைக்கு மாறிவிட்டது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையமும் அடுத்த சில ஆண்டுகளில் மாறியது. ஸ்டாடாயில் என்ற பெயரில் இருந்தபோதே ஈக்வினார் என்ற எண்ணெய் நிறுவனம் நார்வேயின் கடல் எண்ணெய் மேடைகளை மாற்றத் தொடங்கியது. ஆகவே “மாற்று இன்னும் வரவில்லை” என்று 2018இல் ஒருவர் பேசியிருந்தால், அவர் தேடிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

மெல்பர்ன் நகரத் தீயணைப்புப் படையில் கமாண்டராக இருந்த மிக் டிஸ்பரியும் அவரது தொழிற்சங்கமும் இந்த ஊரில் சும்மா இருக்கவில்லை. தங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்க வைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக ஓர் ஆய்வு நடந்தது. ரத்தத்தில் பி.எஃப்.ஓ.எஸ். அதிகமிருந்த 285 தீயணைப்புப் பணியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு குழு ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தத் திரவமாகிய பிளாஸ்மாவைக் கொடுத்தது. இன்னொரு குழு பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தது. மூன்றாம் குழு எதுவும் செய்யவில்லை. 2022 ஏப்ரலில் முடிவு வெளியானது. பிளாஸ்மா கொடுத்தவர்களுக்கு பி.எஃப்.ஓ.எஸ். சராசரியாக மில்லிலிட்டருக்கு 2.9 நானோகிராம் குறைந்தது, ரத்தம் கொடுத்தவர்களுக்கு 1.1. மூன்றாம் குழுவில் மாற்றம் இல்லை. அளவு குறைந்ததால் நோய் குறையுமா என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனாலும் இதை நான் மிக மதிக்கிறேன். மற்றவர்களைக் காப்பாற்றப் போனவர்கள் தங்கள் உடம்பில் ஏறியதை இறக்க ஊசிக்குக் கை நீட்டி உட்கார்ந்தார்கள், அந்த அறிவை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன். நுரையை மாற்றுவது டப்பாவை மாற்றுவது போல என்று நினைக்கும் நிர்வாகிகள் இன்னும் இருக்கிறார்கள். பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது அப்படியில்லை.

முதல் சிக்கல், பழையது போக மறுக்கிறது. ஃபுளூரின் சேர்மங்கள் தொட்டிச் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை தண்ணீர் விட்டு அலசினால் அலசிய நீரில் அளவு நன்றாகக் குறையும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் போலத் தோன்றும். சில வாரம் கழித்து, ஊற்றிவைத்த புதிய நுரையை எடுத்துச் சோதித்தால் அளவு மறுபடி ஏறியிருக்கும். சுவரில் இருந்தது மெல்லக் கரைந்து வருகிறது. அதனால் வெந்நீர், தனிக் கழுவு திரவம் எனச் செலவு ஏறுகிறது. ரப்பர் ஹோஸ்களையும் வால்வுகளின் உறைகளையும் கழுவுவதைவிடத் தூக்கிப்போடுவதே மலிவு என்று ஆகிவிடுகிறது. கழுவிய தண்ணீரும் நச்சுக் கழிவுதான். அதையும் டிரம்மில் பிடித்துவைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபரில் கொண்டுவந்த விதி இந்த உண்மையை ஒப்புக்கொள்கிறது. நுரையில் மொத்த பீஃபாஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. முறையாகக் கழுவிய பழைய கருவிகளிலிருந்து வரும் நுரைக்கு மட்டும் 50 மில்லிகிராம்வரை இடம் கொடுக்கிறது. எழுதியவர்களுக்குத் தொட்டியைத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, புதிய திரவம் கெட்டி. ஃபுளூரின் படலம் இல்லாத குறையைப் போர்வையின் வலிமையால் ஈடுகட்ட வேண்டும். அதற்காகச் சாந்தன் கோந்து போன்ற சர்க்கரைப் பிசின்களைச் சேர்க்கிறார்கள். அசையாமல் இருக்கும்போது அது கூழாக நிற்கும், வேகமாகத் தள்ளினால் நெகிழும். நம் அமைப்பில் 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கரைசல் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தைக் காக்கும் கலவைக் கருவி பழைய நீர்த்த திரவத்துக்காக அளந்து செய்யப்பட்டது. கெட்டியான திரவத்தை அது போதுமான அளவு உறிஞ்சாது, மெல்பர்னின் குளிர்காலக் காலைகளில் இன்னும் குறைவாக உறிஞ்சும். விகிதம் குறைந்தால் நுரை நிற்காது. அதனால் உறிஞ்சு குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். பல இடங்களில் கலவைக் கருவியையே மாற்றி, தண்ணீரின் வேகத்தால் சுழன்று திரவத்தை அளந்து தள்ளும் பம்ப் வைக்கிறோம்.

மூன்றாவது, நுரையைப் பீய்ச்சும் குழாயின் முனை. பழைய நுரை சாதாரணத் தண்ணீர் முனையில் அடித்தாலும் ஓரளவு வேலை செய்யும், படலம் கைகொடுக்கும். புதியதற்குக் காற்று நன்றாகக் கலக்கும் முனை வேண்டும். குமிழ்தான் அதன் உயிர்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது கை பழக வேண்டிய விஷயம். பழைய நுரை பிழையை மன்னிக்கும். எரியும் பெட்ரோலுக்குள் நேராகப் பீய்ச்சினாலும் படலம் மீண்டும் கூடிக்கொள்ளும். புதியதை அப்படி அடித்தால் நுரையோடு பெட்ரோல் கலந்துவிடும், போர்வையே எரியும். அதை முன்னால் தரையில் விழச் செய்து உருட்டிவிட வேண்டும், அல்லது சுவரில் மோதவிட்டு வழியவிட வேண்டும், அல்லது உயரத் தூக்கி மழையாக இறங்கவிட வேண்டும். நான் பணியாற்றிய ஓரிடத்தில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு மூத்த வீரர் முதல்நாள் புதிய நுரையைப் பார்த்து முகம் சுளித்தார். “இது ஓட மாட்டேன் என்கிறது” என்றார். இரண்டாம் நாள் மதியம் அவரே இளையவர்களை வரிசையில் நிறுத்தி, முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும், முனையை எப்போது தாழ்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “இதைப் பிடித்தவனுக்கு இனி எந்த நுரையும் வரும்” என்றார். புதிய நுரையில் பயிற்சி பெற்றவர்கள் முன்பைவிட நல்ல தீயணைப்பாளர்களாகிறார்கள் என்று நானும் நம்புகிறேன்.

இதிலொரு அழகான விளைவு உண்டு. புதிய நுரைக்கு அதிகப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சியை அழியாத நஞ்சு இல்லாமல் கொடுக்க முடியும். பழைய நுரையில் ஒவ்வொரு கூடுதல் பயிற்சியும் நிலத்துக்குக் கூடுதல் கேடு. அதனால் பிற்காலத்தில் பல இடங்களில் பயிற்சியையே குறைத்துவிட்டார்கள். கையில் இருக்கும் ஆயுதத்தைப் பழக முடியாத வீரன் எப்படித் தயாராவான்? அமெரிக்க விமான நிலையங்களில் இதைவிட மோசம். நுரை வண்டியின் கலவை விகிதத்தைச் சோதிக்கவே ஆண்டுதோறும் நுரையைத் தரையில் பீய்ச்சிக் காட்ட வேண்டியிருந்தது. வெளியே விடாமல் வண்டிக்குள்ளேயே சோதிக்கும் கருவிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது 2019இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஓடிப்போன நுரையை யார் திரும்ப அள்ள முடியும்?

எதிர்ப்பவர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. 2020இல் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆராய்ச்சி அறக்கட்டளை வெளியிட்ட சோதனைகள், ஃபுளூரின் இல்லாத நுரைகள் எரிபொருளுக்கு எரிபொருள் வேறுபடுவதையும், சில நிலைகளில் பழையதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போட வேண்டியிருப்பதையும் காட்டின. ஹெப்டேன் என்ற சோதனை எரிபொருளின் தீயில் தேறிய நுரை பெட்ரோல் தீயில் திணறலாம். ஒரு நிறுவனத்தின் நுரையை இன்னொன்றோடு கலக்கவும் முடியாது. பெரிய எண்ணெய்த் தொட்டி முழுவதும் எரியும்போது என்ன ஆகும் என்பதை லாஸ்ட்ஃபயர் என்ற எண்ணெய் நிறுவனங்களின் கூட்டமைப்பு பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட புதிய தரக் குறிப்பும் தரையில், நன்னீரில் பயன்படும் நுரைக்கு மட்டுமே. கப்பல்கள் அதற்குள் வரவில்லை. எரியும் கப்பலிலிருந்து ஓடிப்போக இடமில்லை என்பதால் கடற்படை தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பிய விதியும் பெரும் ஆபத்துள்ள ஆலைகள், கடல் எண்ணெய் மேடைகள் போன்றவற்றுக்குப் பத்து ஆண்டு அவகாசம் தருகிறது. பயிற்சிக்கும் நகராட்சித் தீயணைப்புப் படைகளுக்கும் தந்திருப்பது 18 மாதம் மட்டுமே. இந்த வரிசையைத்தான் நான் சரி என்கிறேன். இதே வரிசையை 2000இல் போட்டிருந்தால், பயிற்சியில் அன்றே நிறுத்தியிருந்தால், இன்று ஊர் ஊராக வழக்கு நடந்திருக்காது. காத்தரின், ஓக்கி, வில்லியம்டவுன் மக்களுக்கு ஆஸ்திரேலிய அரசு 2020இல் 212.5 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அமெரிக்கக் குடிநீர் வாரியங்களுக்கு 3எம் 2023இல் ஒப்புக்கொண்ட தொகை குறைந்தது 10.3 பில்லியன் டாலர். ஸ்வீடனின் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில், ரத்தத்தில் பீஃபாஸ் அதிகமாக இருப்பதே உடலுக்கு நேர்ந்த காயம்தான் என்று ரோன்னபி மக்களுக்குத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை.

மாற்று நுரை பாதுகாப்பானது என்கிறோம். எதோடு ஒப்பிட்டு? அதை ஓடையில் விட்டால் மீன் சாகும். மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதும், அதன் சவர்க்காரப் பொருட்கள் செவுள்களைத் தாக்குவதும் காரணம். ஆனால் அது சில வாரங்களில் மட்கிவிடும், ஓடை தேறிவிடும். இது சிறிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் வடிகாலை அடைப்பதும் நுரையைப் பிடித்துவைப்பதும் புதிய நுரைக்கும் கட்டாயம். “ஃபுளூரின் இல்லாதது” என்ற ஒட்டுச்சீட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மொத்த ஃபுளூரின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். சிலிகான் சார்ந்த சேர்மங்கள் உண்டா என்றும் கேளுங்கள், அவற்றிலும் எளிதில் மட்காதவை இருக்கின்றன.

இன்னொரு மாற்றும் உண்டு. அதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. சில இடங்களில் நுரையே தேவையில்லை. விமானக் கொட்டகைகளில் கூரையிலிருந்து தானாக நுரை கொட்டும் அமைப்புகள் தீயை அணைத்ததைவிடத் தவறுதலாகக் கொட்டிய நிகழ்வுகளே அதிகம். 2017 ஏப்ரலில் பிரிஸ்பேன் விமான நிலையக் கொட்டகை ஒன்றில் 22,000 லிட்டர் நுரை கொட்டி, ஒரு பகுதி ஓடைக்கும் ஆற்று முகத்துக்கும் போனது. 2024 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிரன்ஸ்விக் விமான நிலையக் கொட்டகையில் 1,450 கேலன் கரைசல் 50,000 கேலன் தண்ணீரோடு கலந்து வெளியேறியது. இரண்டு இடத்திலும் தீ இல்லை. கொட்டிய எரிபொருள் உடனே வடிந்துபோகும் தரையும் நல்ல தண்ணீர்த் தெளிப்பானும் இருந்தால் போதும் என்ற இடத்துக்கு அமெரிக்காவின் கொட்டகைத் தரக் குறிப்பு 2022இல் வந்து சேர்ந்தது. எந்த இடத்திலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே நுரை இல்லாமல் முடியுமா?

வெளியே எடுத்த பழைய நுரை எங்கே போகிறது? இதுதான் இன்னும் தீராத பாடு. சாதாரண எரியுலையில் போட்டால் அது முழுதும் அழிந்துவிடும் என்ற உறுதி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் கோஹோஸ் நகரில் ஓர் உலையில் எரித்ததை அறிந்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள், அங்கே எரிப்பு நின்றது. மிக உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் தண்ணீரைக்கொண்டே சேர்மத்தை உடைக்கும் முறை வேலை செய்கிறது. ஒஹாயோவும் நியூஹாம்ப்ஷயரும் தங்கள் தீயணைப்பு நிலையங்களிலிருந்து பழைய நுரையைத் திரும்பப் பெற்று அப்படி அழித்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2018 ஜனவரியில் இந்த நுரைகளைத் தடை செய்தது. நாடு முழுவதும் பி.எஃப்.ஓ.எஸ். உள்ளிட்ட மூன்று சேர்மங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் தடை. இருப்பில் உள்ள டிரம்களுக்குத்தான் போதுமான அழிப்பு நிலையங்கள் வேண்டும். அவை வரும்வரை பூட்டிய கொட்டகையில், கசிவைத் தாங்கும் தொட்டிமேல், மாதாமாதம் பார்த்துக்கொண்டு வைத்திருப்பதே நேர்மை. யாரோ ஒரு குத்தகைதாரரிடம் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வது நேர்மையில்லை.

என் சித்தி மகன் வடசென்னையில் ஓர் எண்ணெய்க் கிடங்கின் தீயணைப்புப் பிரிவில் இருக்கிறான். இந்தியாவின் எண்ணெய்க் கிடங்குகளில் நுரை அமைப்பு கட்டாயம், அங்கே பரவலாக இருப்பதும் இந்தப் படலம் உண்டாக்கும் நுரைதான். போன மாதம் தொலைபேசியில் கேட்டான். “அண்ணா, மாற்றச் சொல்லி எங்களுக்கு எந்த உத்தரவும் இல்லை. மாற்றப் பணமும் இப்போது இல்லை. நான் என்ன செய்ய முடியும்?” அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். தொட்டியில் இருப்பது அப்படியே இருக்கட்டும், தீ வந்தால் அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் ஒத்திகைக்கு அதை எடுக்காதீர்கள். தண்ணீரில் ஒத்திகை செய்யுங்கள், அல்லது ஃபுளூரின் இல்லாத பயிற்சி நுரையைச் சிறிதளவு வாங்கி, அதைத் தனி வண்டியில் வைத்துப் பழகுங்கள். கலவை விகிதத்தைச் சோதித்தால் வெளிவருவதைத் தரையில் விடாமல் தொட்டியில் பிடியுங்கள். எந்த நிறுவனத்தின் எந்த நுரை, எத்தனை லிட்டர், எந்த ஆண்டு வாங்கியது என்று இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதில் எதற்கும் மேலிடத்து உத்தரவு தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் டிரம்மைத் திறக்காதே என்பதை மட்டும் அவனுக்கு இரண்டு முறை சொன்னேன்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளைகுடா நாடுகளிலோ இந்த வேலையில் இருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். தொட்டி கழுவும் வரிசை, மாதிரி எடுக்கும் முறை, கலவைக் கருவிக்கான கணக்கு எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.